கொச்சம்மாவுக்கு ஒரு வாளி மண்

11 ஜூன் 2023, ஞாயிறு

சபையில் இருந்து வந்து சேலையை மாற்றுவதற்குள் மாமிக்கும் அவருக்கும் வழக்கு. பழைய வழக்குதான். ஓந்துக்கு பிஷப் என்று பெயர் வைத்தது.

வராந்தாவில் ஆள் உயரத்துக்கு இரண்டு கம்பிவலைக் கூண்டுகள் நிற்கின்றன. ஒன்றில் ஆண், ஒன்றில் பெண். ஏமன் நாட்டுப் பச்சோந்திகள். எங்கள் செங்கல் ஊரில் யாரும் பச்சோந்தி என்று சொல்வதில்லை, வேலியில் ஏறுகிற எல்லாமே ஓந்துதான். ஆனால் இது வேலி ஓந்து இல்லை. ஆணை என் கையில் விட்டால் தலை விரலிலும் வால் முழங்கைக்கு மேலும் கிடக்கும். உச்சியில் நெட்டையாக ஒரு கொண்டை. பிஷப் ஐயா பெரிய ஆராதனைக்கு வைத்து வருகிற கூர்த்தொப்பி போலவே இருக்கிறதென்று என் வீட்டுக்காரர் விஜின் அந்தப் பெயரைப் போட்டார். ஆண் பிஷப் என்றால் பெண்? கொச்சம்மா. போதகரின் மனைவியை இந்தப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“நேத்து பாஸ்டருக்க வீட்டுக்காரி முற்றத்துல வந்து நிக்காவ. நீ உள்ள இருந்து சத்தம் போடுத, கொச்சம்மா கரப்பான் தின்னாளான்னு. அவங்க மொகம் போன போக்கக் கண்டியாலே?” என்றார் மாமி.

“தின்னாளான்னுதானே கேட்டேன். தின்னலன்னா தின்னலன்னு சொல்லிட்டுப் போட்டும்.”

சிரித்தேன். சிரித்த சிரிப்பில் ஓங்கரித்துக்கொண்டு வந்தது, ஓடினேன். இப்போது எதற்கும் வாந்திதான். வயிற்றில் மூன்றாவது இது. முந்தைய இரண்டும் நிற்கவில்லை. எழுதவே பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போகட்டும்.

இந்த நோட்டு எங்கே கிடந்தாலும் கவலையில்லை. அவர் பாறசாலையில் மலையாளத்தில் படித்தவர். தமிழ் பேசுவார், ஏசுவார், வாசிக்க வராது. களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருந்து வந்த மருமகளுக்கு அப்படி ஒரு சௌகரியம்.


19 ஜூன்

இரும்பு மாத்திரை. போன வேகத்தில் திரும்பி வந்தது.


30 ஜூன், வெள்ளி

அமரவிளையில் நான் வேலை பார்க்கிற லேப் சின்னது. காலையில் சர்க்கரை பார்க்கிற கூட்டம் போனால் பிறகு ஈ ஓட்டலாம். இன்று கூட்டம் ஒழிந்ததும் என் விரலை நானே குத்தி மெஷினில் வைத்தேன். ஹீமோகுளோபின் ஒன்பது. போன மாதம் பத்தரை இருந்தது.

கூட வேலை பார்க்கிற சுமி எட்டிப் பார்த்துவிட்டாள். “மாத்திரை ஒழுங்கா தின்னுதியா?”

“தின்னுதேன்.”

பொய். பாதி நாள் வாயில் போடுவதே இல்லை, போட்டால் குடல் வெளியே வருகிறது. ஊரில் உள்ள கர்ப்பிணிகளுக்கெல்லாம் ரத்தம் குறைவு, மாத்திரை விடாதீங்க என்று நான்தான் நீட்டி முழக்குவேன். எனக்கு யார் சொல்ல?


9 ஜூலை, ஞாயிறு

இன்று பிஷப்பைக் கொச்சம்மாவின் கூண்டுக்குள் விட்டார். பார்க்க அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் வந்துவிட்டது. மகேஸ்வரம் கோயிலுக்கு வந்தவர்கள்கூட இரண்டு பேர் கேட்டில் நின்று எட்டிப் பார்த்தார்கள். பிஷப் உடம்பைத் தட்டையாக்கி, மஞ்சளும் பச்சையும் நீலமுமாக வரிவரியாக ஏற்றி, தலையை ஆட்டி ஆட்டி ஒரு நடை நடந்தான் பாருங்கள்! மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிஷப் செய்கிற காரியமா இது என்று அவர் சொல்லவில்லை, அந்த முதுகு சொன்னது.

எல்லாரும் போனபிறகு மாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “மக்கா, நீ அந்தப் பக்கம் இருக்காத கேட்டியா. வயித்துப்பிள்ளைக்காரி. அது தூரத்துல இருந்தே உறிஞ்சும். உனக்க ரெத்தம் குறையியது சும்மாவா?”

சின்னதில் நாங்களும் அப்படித்தான். பள்ளிக்கூடம் போகிற வழியில் வேலி ஓந்து கழுத்தைச் சிவப்பாக்கித் தலையாட்டினால் போதும், சட்டையோடு தொப்புளைப் பொத்திக்கொண்டு ஒரே ஓட்டம். தொப்புள் வழியாக ரத்தத்தைக் குடிக்கும், குடித்த ரத்தம்தான் கழுத்தில் தெரிகிறது. எங்கள் ஊரில் பொத்தாத பிள்ளை கிடையாது.

அவர் கேட்டுச் சிரித்தார். “எனக்க தோள்லயே கெடக்குதே அம்மா. எனக்க ரெத்தத்தையாக்கும் முதல்ல குடிக்கணும். நான் என்ன வத்தியா போனேன்?”

நானும் கூடச் சிரித்தேன். நான் லேப்காரி.


16 ஜூலை, ஞாயிறு

மழை விட்ட மாதிரி இருக்கிறது. மலையாளத்து ஆடியான கர்க்கடகம் நாளை பிறக்கிறது, வானத்தைப் பார்த்தால் சித்திரை மாதம்.

இந்த ஓந்துகள் கிண்ணத்தில் தண்ணீர் குடிக்காது. இலையில் சொட்டு விழுந்து உருள வேண்டும், அதைத்தான் நக்கும். அதற்கு அவர் மருந்துக்கடையில் டிரிப் ஏற்றுகிற டியூப் வாங்கிவரச் சொன்னார். பாட்டிலைக் கூண்டுக்கு மேல் கட்டி, டியூபை உள்ளே இருக்கிற செம்பருத்திக் கொப்புக்கு விட்டிருக்கிறார். சொட்டின் வேகத்தை நான் சரிசெய்து கொடுத்தேன். நர்ஸம்மா என்றார். நர்ஸ் இல்லை, டெக்னீஷியன் என்றேன்.

சவுதியில் அபா பக்கம் மலையில் ஏசி வேலை பார்த்த காலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரூமுக்கு வெளியே ஒரு மரம். அதில் இதேபோல ஒன்று இருக்கும். வெள்ளிக்கிழமை லீவு, பேச ஆள் கிடையாது. ஜன்னலில் உட்கார்ந்து அதையே பார்ப்பாராம். “ஒரு கண்ணு இலையில, மற்றக் கண்ணு எனக்க மேல. வேற ஒரு ஆளும் என்னைப் பாக்கல்ல அங்க. அதாக்கும்.” இரண்டாவது பிள்ளை போன செய்தியைக்கூட அந்த ஜன்னலில் வைத்துத்தான் கேட்டிருக்கிறார். இது எனக்கு இன்றுதான் தெரியும்.


26 ஜூலை

எட்டே கால்.

சுமியிடம் காட்டவில்லை. மாமி பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் ஈரலுமாகப் பொங்கிப் போடுகிறார். தின்கிறேன், கக்குகிறேன்.


30 ஜூலை, ஞாயிறு

கொச்சம்மாவின் நிறம் மாறிவிட்டது. கிளிப்பச்சையாக இருந்தவள் கறுத்துப்போய், உடம்பெங்கும் மஞ்சள் புள்ளி, நீலப் புள்ளி. கழுத்தடியில் ஆரஞ்சு. இரை போட்டால் வேண்டாம். கொப்பின் உச்சியை விட்டு இறங்காதவள், இப்போது நாள் முழுக்கக் கீழே வந்து வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வலைக்கு இந்தப் பக்கம் என் நாற்காலி.

ஒரு கண் என் மேல். நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். அந்தக் கண்ணும் கூடவே உருண்டு வந்தது.

அவரிடம் சொன்னதற்கு முகமெல்லாம் பல். “அவளுக்கும் வயித்துல உண்டுட்டி! முட்டைக்காரி ஆயிட்டா. அந்த நெறம் ஆணுக்குள்ள அறிவிப்பாக்கும், பக்கத்துல வராதேன்னு.”

எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.


1 ஆகஸ்ட்

துணியில் கறை. சின்னதுதான். ஆனால் போன இரண்டு தடவையும் சின்னதாகத்தான் தொடங்கியது.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேனில் துடிப்பு இருக்கிறது. டாக்டரம்மா அசையாமல் படுக்கச் சொன்னார். ரத்தம் இவ்வளவு குறைவாக இருக்கிறதே, மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டார். மாமி பக்கத்தில் நின்றார். ஆமா என்றேன். அப்படியென்றால் ஏன் ஏறவில்லை என்று டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமி என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.


3 ஆகஸ்ட், வியாழன்

அவர் எர்ணாகுளத்துக்குப் போயிருக்கிறார். பெரிய கடை ஒன்றுக்கு ஏசி போடுகிற வேலை, ஒத்துக்கொண்டது, தட்ட முடியாது. மத்தியானம் கூப்பிட்டார். முதலில் என்னை விசாரித்தார். பிறகு அவளை.

“தரையை மாந்துதாளா?”

“மாந்துதா. மூலையில நின்னு காலால பறிச்சிட்டே இருக்கா.”

“அவளுக்கு நேரமாச்சு. முட்டையிட மண்ணு வேணும். குளிமுறிக்குப் பக்கத்துல வாளியில ஈரமண்ணு நெறச்சு வெச்சிருக்கேன். அதைக் கூட்டுக்குள்ள வெச்சா போதும், அவளே தோண்டிக்குவா. நீ தூக்காத. அம்மாட்ட சொல்லு. மறக்காத மக்கா, மண்ணு கிடைக்கல்லன்னா அவ சத்துப்போவா.”

மாமியிடம் சொன்னேன். மாமி அந்தக் கூண்டுப் பக்கம் போகவே மாட்டேன் என்றார்.

இன்றும் கறை. நேற்றைவிடக் கூடுதல்.


4 ஆகஸ்ட்

எப்படி எழுத.

காலையில் எழுந்து வந்தேன். அவள் அதே மூலையில், என்னைப் பார்த்து. கழுத்தில் அந்த நிறம். இது இரும்புக் குறைவு, இது மாத்திரை தின்னாததால் வந்தது, இது எனக்குத் தெரியும், ஊருக்கே நான் சொல்கிறேன்— எல்லாம் மனசுக்குள் ஓடியது. ஆனால் என் கை எங்கே இருந்தது? நைட்டிக்கு மேலே தொப்புளைப் பொத்திக்கொண்டு இருந்தது. எப்போது போனதென்றே தெரியவில்லை.

மாமி கட்டாயப்படுத்தவில்லை. அதை எழுதித்தான் ஆகவேண்டும். வாசலில் நின்று அழுதார், அவ்வளவுதான். “ரெண்டாவதை நானாக்கும் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனது. அவன் சவுதியில கெடந்தான். உனக்கு நெனவில்ல. இனியொண்ணைத் தூக்க எனக்க கைக்குப் பெலமில்ல மக்கா.”

கூண்டைத் திறந்தது நான். கையை நீட்டினேன். கடிப்பாள் என்று நினைத்தேன். கடிக்கவில்லை, என் கையில் ஏறினாள். குளிர்ந்த பாதம், இரண்டு பக்கமும் இடுக்கிப் பிடிக்கிற பாதம். வயிறு கனத்துத் தொங்கியது. வெளியே போகிற வழி கிடைத்ததென்று நினைத்தாளோ என்னவோ.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து ரப்பர் விளையின் ஓரத்தில் ஒரு முந்திரி மரம் நிற்கிறது. படுத்துக் கிடக்க வேண்டியவள் அவ்வளவு தூரம் நடந்தேன், மாமி குடை பிடித்துக்கொண்டு கூட வந்தார். கொப்பில் விட்டேன். ஒரு அடி முன்னால், அரை அடி பின்னால் என்று காற்றில் ஆடுகிற இலை மாதிரி ஆடி ஆடி ஏறினாள். பிஷப்பை ஏன் விடவில்லை என்று மாமி கேட்டார். அவன் என்னைப் பார்க்கவில்லை என்றேன்.

திரும்பி வந்தபோது குளிமுறிப் பக்கத்தில் அந்த வாளி. ஈரம் காயாமல் இருக்க மேலே சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறார்.


5 ஆகஸ்ட்

கறை நின்றுவிட்டது.

கர்த்தாவே, அவளை விட்ட மறுநாளே இப்படி ஒரு அத்தாட்சி எனக்கு வேண்டவே வேண்டாம். நிற்காமல் இருந்திருந்தால்கூட— சேச்சே, என்ன எழுதுகிறேன்.


6 ஆகஸ்ட், ஞாயிறு

அவர் வந்தார். பையைக் கீழே வைக்குமுன் கூண்டைப் பார்த்தார்.

“கூடு தொறந்து கெடந்துது. நான் கண்டேன், அப்பமே அவ இல்ல” என்றார் மாமி. எனக்காகச் சொன்ன பொய்.

அவர் செம்பருத்தி, மாதுளை, மதில், மரச்சீனி விளை என்று ஒவ்வொரு இலையாக விலக்கிப் பார்த்தார். கிணற்றடியில் குனிந்து பார்த்தார். பக்கத்து வீட்டு வாலண்டைன் மாமாவின் முருங்கையில் ஏறினார், அது ஒடிகிற மரம். கொச்சம்மா, கொச்சம்மா என்று கூப்பிடுகிறார். அதற்குக் காது கிடையாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான்.

அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மரத்தடியில் போய் நின்று சொன்னேன். “அங்க இல்ல. நானாக்கும் கொண்டு விட்டேன். முந்திரியில.”

இறங்கினார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். ரத்தம் என்றேன். கழுத்து என்றேன். எனக்கே கேட்க சகிக்கவில்லை.

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருக்கலாம். “நீ ரெத்தம் பாக்கிய ஆளாக்கும். அம்மா சொன்னா எனக்கு மனசிலாவும். நீ எப்படி ஜெஸ்மி நம்பின?” என்றார், அவ்வளவுதான். பிறகு ரப்பர் விளைக்கு ஓடினார்.

இருட்டும்வரை முந்திரியைச் சுற்றித் தேடினார். கிடைக்கவில்லை. இலையோடு இலையாகப் போனவள்.


10 ஆகஸ்ட்

சோறு எடுத்து வைக்கிறார். மாத்திரை எடுத்து வைத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நிற்கிறார். பேச்சு இல்லை. வேலைக்குப் போகுமுன் தினமும் ரப்பர் விளைக்குப் போய்வருகிறார்.

எப்படி நம்பின? நம்பினேனா? நம்பவில்லை. நம்பாமலே செய்தேன். இது அதைவிடக் கேவலம் இல்லையா?


15 ஆகஸ்ட், செவ்வாய்

சுதந்திர தினம், லேப் லீவு. ரப்பர் வெட்டுகிற தங்கையன் அண்ணன் வந்தார், கையில் தேக்கிலைப் பொதி. “விஜினே, நீ தேடிட்டிருந்தது இதாண்ணு பாரு.”

அவள்தான். உடம்பில் நிறமே இல்லை. சாம்பல்.

தங்கையன் அண்ணன் நல்ல மனுசன், கண்டதைச் சொன்னார். “அஞ்சாறு இடத்துல மாந்தி வெச்சிருக்கு, கேட்டியா. அந்த விளை முழுக்க வெட்டுக்கல்லு. ஒரு சாண் தோண்ட எனக்கு கடப்பாரை வேணும். மழையும் இல்ல. பாவம் சீவன், ஒரு இடம் செரியாகல்லன்னு மற்ற இடம், அது செரியாகல்லன்னு பின்னயும்...”

நகம் எல்லாம் தேய்ந்து போயிருந்தது.

அவர் அவளை உள்ளங்கையில் வைத்து வயிற்றில் விரலை வைத்துப் பார்த்தார். முட்டைகள் உள்ளேயே இருந்தன. செம்பருத்திக்குப் பக்கத்தில் குழி வெட்டினார். குழிக்குள் வைத்துவிட்டு, குளிமுறிப் பக்கம் போய் அந்த வாளியை எடுத்துவந்தார். சாக்கை எடுத்தார். மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது, தினமும் தண்ணீர் தெளித்திருக்கிறார் போல. கிடைத்துவிடுவாள் என்று. அந்த மண்ணை அவள் மேல் கொட்டி மூடினார்.

ஒரு வாளி மண். கூண்டுக்குள் தூக்கி வைத்திருக்க வேண்டியது. நான் தூக்காவிட்டால் என்ன, மதிலுக்கு அந்தப் பக்கம் ப்ளோரன்ஸ் மாமியைக் கூப்பிட்டிருந்தால் ஒரு நிமிசத்துக்குள்ள தூக்கி வெச்சிருப்பாவளே. ஒரு சத்தம் குடுத்திருந்தா போதுமே. கல்லுக்குள்ள கொண்டு போட்டேனே. வயிறும் தள்ளிட்டு நின்னவளைக் கொண்டு போய்க் கல்லுலயா விடணும்? வேற எடம் கிடைக்கல்லியா எனக்கு?

மாமி சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தேன், அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். “எனக்கு மட்டும் சந்தோசமாட்டி?” என்றார்.


24 ஆகஸ்ட், வியாழன்

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மாத்திரை தங்குவதில்லை, பாதி நாள் தின்றதும் இல்லை. முன்னாலேயே சொல்லக்கூடாதா பிள்ளே என்று தலையில் அடித்துக்கொண்டு இரும்பை நேரே டிரிப்பில் ஏற்ற எழுதினார்.

கட்டிலில் படுத்திருந்தேன். பாட்டில், டியூப், சொட்டு. அதே டியூப். அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் என்ன நினைக்கிறேன் என்று அவருக்கும் தெரியும். சொட்டு கொஞ்சம் வேகமாக இருந்தது. நர்ஸைக் கூப்பிடாமல் எழுந்து அவரே குறைத்துவிட்டு உட்கார்ந்தார்.


20 செப்டம்பர்

பதினொன்று!

மெஷின் காட்டியதும் சுமி கட்டிப்பிடித்தாள். காதில் ரகசியமாகச் சொன்னாள்: “உங்க மாமி சொன்னது செரிதான் போல. அது போன பெறவுதானே ஏறிச்சு.”

இரும்பு ஏற்றின பிறகு ஏறியது என்றேன். அதுவும் உண்டு என்றாள். சுமி! என்கூட ஒரே வகுப்பில் படித்தவள்.

சபையிலும் மாமியின் பெயரைச் சொல்லி இதே பேச்சு. ராஜபாய்க்க வீட்டுல ஒரு ஓந்து உண்டாம், மருமொவளுக்க ரெத்தத்தை முழுக்கக் குடிச்சிட்டாம், ஓட்டி விட்டதும் ரெத்தம் ஏறிட்டாம். மாமி யாரிடமும் வாய் திறக்கவில்லை, ஆனாலும் கதை ஊர் சுற்றுகிறது. நான் நடுவில் புகுந்து இரும்புச் சத்து, டிரிப் என்று விளக்குவேன். பரிதாபமாகப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அப்படியே விட்டுவிடுகிறேன்.


8 அக்டோபர், ஞாயிறு

பிஷப் போய்விட்டான். நெய்யாற்றின்கரையில் அகில் என்று ஒருவர், இதேபோல வளர்க்கிறவர், காரில் வந்து கொண்டுபோனார். நான் வேண்டாம் என்றேன், இருக்கட்டும் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

“நீ பயந்துட்டு இருக்காண்டாம்” என்றார்.

“எனக்குப் பயமில்ல.”

“எனக்கு உண்டு. அவன் பேர்ல இனி யாரு என்ன செய்வாங்களோன்னு.”

யாரு என்றால் நான்தான். கை மாறினதும் பிஷப் கறுத்துப்போனான். அவர் காரின் பின்னால் கேட்வரை நடந்துபோய், கார் திரும்பினபிறகும் அங்கேயே நின்றார்.


12 நவம்பர்

உள்ளே உதைக்கிறது. அவர் கையை எடுத்து வயிற்றில் வைத்தேன். வைத்திருந்தார். சிரித்தார்கூட. கையை எடுத்ததும் முகம் பழையபடி ஆகிவிட்டது.


4 ஜனவரி 2024

பெண் பிள்ளை. இரண்டே முக்கால் கிலோ. அழுகை பாறசாலை வரை கேட்டிருக்கும்.

மாமி கையில் வாங்கி முகர்ந்துகொண்டே நின்றார், கொடுக்கவே மாட்டேன் என்றார். அவர் அழுதார். என் தலையைத் தடவினார். ஐந்து மாதமாக அதற்குத்தான் கிடந்தேன். ஆனாலும் நீ எப்படி நம்பின என்ற அந்தக் கேள்வியை அவர் எடுத்துவைத்திருக்கிறார், எனக்குத் தெரியும். சட்டைப்பையில் கிடக்கிற திறவுகோல் மாதிரி அது அவரிடம் இருக்கிறது. நான் தூங்குகிறேன் என்று நினைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.


28 பிப்ரவரி

அனுமோள் என்று ஞானஸ்நானம் ஆயிற்று. பாஸ்டரின் மனைவி, அசல் கொச்சம்மா, வீட்டுக்கு வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கூண்டைப் பார்த்து, “எனக்க பேருல உள்ளவ எங்க?” என்று வேடிக்கையாகக் கேட்டார்கள். அவர்களுக்குக் கோபமே இருந்ததில்லையாம், பிடித்துத்தான் இருந்ததாம். கூண்டில் இப்போது பிள்ளையின் துணி காயப்போடுகிறோம்.


12 மே 2024, ஞாயிறு

இதை எழுதிவிட்டுத்தான் தூங்குவேன்.

காலையில் மாமி பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அவர் மடியில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் துணி இல்லாமல் மடியில் மல்லாந்து கிடந்து காலை ஆட்டுகிறாள் அனுமோள், அப்பாவின் பெருவிரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகிறாள். நான் துண்டும் சட்டையும் எடுத்துக்கொண்டு வாசல்படிக்கு வந்தேன்.

செம்பருத்தியில் ஒரு ஓந்து. நம் ஊர் ஓந்து, வேலி ஓந்து. அவளைப் புதைத்த இடத்துக்கு நேர் மேலே உள்ள கொப்பில். தலையும் கழுத்தும் நல்ல சிவப்பு. இது இணை தேடுகிற காலம், சிவக்கத்தான் செய்யும். தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டியது. பிள்ளையைப் பார்த்தே ஆட்டுகிற மாதிரி இருந்தது.

என் கை பொத்தத் துடித்தது. பொய் சொல்லமாட்டேன். துண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அசையமாட்டேன், செத்தாலும் அசையமாட்டேன், அவர் பார்க்கிறார், இவளைத் திருத்தவே முடியாது என்று நினைப்பார். அப்படியே நின்றேன்.

பிறகு அவரைப் பார்த்தேன்.

பெருவிரலைப் பிள்ளையிடம் இருந்து பிடுங்கிக்கொண்டுவிட்டார். அந்தக் கை பிள்ளையின் வயிற்றில் இருந்தது. உள்ளங்கை விரிய, தொப்புளை முழுக்க மூடி. கண் ஓந்தின் மேல். தோளில் ஓந்தைக் கிடத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்த மனுசன். விரல் போனதற்குப் பிள்ளை சிணுங்கியது. அப்போதுதான் குனிந்து தன் கையையே பார்த்தார்.

“ஜெஸ்மி” என்றார். “இஞ்ச வா.”

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நான் வைக்கல்ல. அதுவா போச்சு.”

“ம்.”

“உனக்கும் இப்படித்தானா?”

ஆமா என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவருக்கும் கண் நிறைந்துவிட்டது. செம்பருத்தியின் அடியில், மண் கொஞ்சம் தாழ்ந்துபோன இடத்தைப் பார்த்துக்கொண்டு, “பாவம் அவ” என்றார். பாவம்தான். எங்களுக்கு விளங்கினது அவளுக்கு எதற்கு ஆகும்?

ஓந்து போகவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை. கையோடு சேர்த்தே பிள்ளையின் மேல் துண்டைப் போட்டேன்.